காக்காவைத் ‘தாத்தா’ என்னும் குழந்தைக்கு ‘க’ சொல்லித்தருவது எப்படி?

மொட்டைமாடிச் சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. நான்கு வயது மகள் கையை நீட்டி, “தாத்தா வடை தின்கிறது!” என்றாள். பக்கத்தில் வடையும் கையுமாக இருந்த என் அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். ‘தின்கிறது’ என்ற அஃறிணை வினையை வைத்துத்தான் அவள் யாரைச் சொன்னாள் என்று தெரிந்துகொண்டோம்.

கண்ணாடி ‘தண்ணாடி’ ஆகும், கோழி ‘தோழி’ ஆகும். பல குழந்தைகள் இப்படிப் பேசி, மூன்றரை வயதையொட்டித் தாமாகவே சரியாகிவிடுகிறார்கள். நான்கைத் தாண்டியும் நீடித்தால் நாம் கொஞ்சம் உதவலாம். ழ, ற போன்றவை தாமதமாக வரும் ஒலிகள்; அவற்றுக்கு இப்போது அவசரமில்லை. ழகரம் பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு வருகிறது?

முதலில் காது. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் குழந்தைக்கு ஒலிகள் மங்கலாகத்தான் விழும். செவித்திறன் பரிசோதனையை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். நாக்கு தடித்திருக்கிறது, வசம்பு தேயுங்கள் என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 1: கேட்கவைத்தல். நான் வேண்டுமென்றே, “தாத்தா பறக்கிறதா?” என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “தாத்தா இல்லை, தாத்தா!” என்றாள். பிறர் சொல்லும்போது வேறுபாடு அவள் காதில் விழுகிறது. தன் வாயில் வருவதுதான் தெரியவில்லை. எல்லாக் குழந்தைகளும் இப்படி இருப்பதில்லை என்பதால் சோதித்துப் பாருங்கள். காக்கா–தாத்தா, கோடு–தோடு, கட்டு–தட்டு என்று இணை இணையாகப் படம் வரைந்து பரப்புங்கள். நீங்கள் சொல்ல, குழந்தை படத்தைத் தொட வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை குழந்தையைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

படி 2: நாக்குக்கு இடம் காட்டுதல். ‘த’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லைத் தொடுகிறது. ‘க’வுக்கு நுனி சும்மா கிடக்க, இலக்கணக்காரர்கள் முதல்நா என்னும் அடிநாக்கு எழுந்து அண்ணத்தின் பின்பகுதியை அடைக்கிறது. அந்த அடிநாக்கைக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?

குழந்தை தன் விரலைக் கழுவிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மெதுவாக அழுத்திப் பிடிக்கட்டும். அப்படியே ‘தா’ சொல்லச் சொல்லுங்கள். நுனி எழ வழியில்லாததால் பல குழந்தைகளுக்குப் பின்நாக்கு எழுந்து ‘கா’ போன்ற ஒன்று வரும். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள்தான் வந்தது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளே விலகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வராவிட்டால் பாயில் மல்லாந்து படுக்கவைத்துப் பாருங்கள், நாக்கு சற்றுப் பின்வாங்கும். தொண்டையில் நீர் வைத்துக் கொப்பளிப்பதும் அந்த இடத்தை உணர்த்தும். ஆனால் அதை உட்கார்ந்தோ நின்றோதான் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி ‘ங’. இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பவை. ‘ங்ங்ங்’ என்று இழுத்து ‘கா’வில் விடச் சொல்லுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ‘ங்கா’ சொன்ன வாய்தானே.

படி 3: அசையிலிருந்து சொல்லுக்கு. கூ, கோ, கா என்று தொடங்குங்கள். கி, கே பிறகு. குயிலாகவும் ரயிலாகவும் கூவிக்கொண்டு வீட்டைச் சுற்றினால் பயிற்சி என்றே தெரியாது. அடுத்துக் கால், கூடை, அக்கா, பாக்கு. நகம், பகல் போன்ற சொற்கள் வேண்டாம். எழுத்து ஒன்றுதான் என்றாலும் உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ககரம் குழைந்து வேறு ஒலியாகிவிடுகிறது.

படி 4: கட்டளை விளையாட்டு. எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். ஒரு பொம்மை, ஒரு ஜோடித் தோடு, தாள், பென்சில் வேண்டும். குழந்தை கட்டளையிடும், நீங்கள் கீழ்ப்படிய வேண்டும். அவள் கோடு போடச் சொல்ல நினைத்து, “தோடு போடு” என்றாள். நான் மறுபேச்சில்லாமல் பொம்மைக்குத் தோடு போட்டேன். “இல்லை, தோடு!” இன்னொரு காதிலும் போட்டேன். அவள் தாளைத் தட்டிக் காட்டி, நாக்கைத் தேடி, மிக மெதுவாகக் “க்…கோடு” என்றாள். உடனே ஒரு நீளமான கோடு போட்டேன். ‘தப்பு, மறுபடி சொல்’ என்று நூறு முறை சொல்லியும் நடக்காதது அன்று நடந்தது.

படி 5: அன்றாடப் பேச்சில். நாளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு வேளை போதும். மற்ற நேரத்தில் திருத்தாதீர்கள். “ததவைத் திற” என்றால், “கதவைத் திறக்கிறேன்” என்று சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கதவைத் திறங்கள். விருந்தினர் முன் சொல்லிக் காட்டச் சொல்வதும், மழலையைக் கிண்டலாகத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம். புதிதாய்க் கற்ற ‘க’ சில நாள் எல்லா இடத்திலும் புகும். எங்கள் வீட்டுத் தாத்தா இரண்டு வாரம் ‘காக்கா’வாக இருந்தார்.

இரண்டு மூன்று மாதம் முயன்றும் அசைவில்லை என்றாலோ, நான்கு வயதிலும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் போங்கள். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். போகும்போது, குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை.