நாய்க்குச் சைவ உணவு: தயிர்சாதம் போதாது, அளந்து சமைக்க வேண்டும்

மதுரையில் சைவச் சமையல் மட்டுமே நடக்கும் பல வீடுகளில் நாய்க்குக் கிடைப்பது காலையில் பால், மதியம் தயிர்சாதம், இரவில் மீந்த இட்லி என்ற அளவிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கன்னி இன வேட்டை நாயையும் ஏறக்குறைய எட்டு மாதம் அப்படித்தான் வளர்த்தோம். முடி மங்கி, தொடைச்சதை வற்றத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, "இதில் புரதம் எங்கே இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சைவ உணவை அவர் குறை சொல்லவில்லை. அளவில்லாமல் போடுவதைத்தான் குறை சொன்னார்.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் வேட்டை நாய் வளர்த்த பெரியவர்கள், தங்கள் நாய் கம்பங்கூழும் மோரும் குடித்தே ஓடியது என்று சொல்வதுண்டு. அது பொய்யில்லை. ஆனால் அந்த நாய் காட்டில் பிடித்துத் தின்ற எலியையும் முயலையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாடி வீட்டில் கட்டிப் போட்டிருக்கும் நாய்க்கு அந்த வாய்ப்பும் கிடையாது என்பதால், கூழில் இல்லாதவற்றையெல்லாம் நாம்தான் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும்.

நாயின் உடல் இதற்கு இடம் கொடுக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களுக்கு 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேரட்டிலும் பூசணியிலும் உள்ள பீட்டா கரோட்டினை நாய் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். இதயத் தசைக்குத் தேவையான டாரின் என்னும் சத்தையும் மெத்தியோனின், சிஸ்டைன் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். பூனையால் இவை முடியாது. ஆகவே வீட்டில் பூனையும் இருந்தால், அதற்கு இந்த முறையைப் பின்பற்றவே கூடாது.

குட்டிகள், சினை நாய்கள், பாலூட்டும் நாய்கள் ஆகியவற்றுக்கும் வீட்டுச் சமையலில் சைவ உணவைத் தொடங்க வேண்டாம். வளரும் எலும்புக்குத் தேவைப்படும் சுண்ணாம்புச் சத்தின் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் கால் வளையக்கூடும். கீழே சொல்லப்படுவதெல்லாம் வளர்ச்சி முடிந்த, நோயில்லாத நாய்க்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் கலோரிக் கணக்கைப் பார்க்கலாம். கிலோவில் உள்ள நாயின் எடையை அதே எண்ணால் இருமுறை பெருக்கி, வந்த எண்ணுக்குக் கைப்பேசிக் கணிப்பானில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, கிடைப்பதை 70-ஆல் பெருக்கினால், நாய் சும்மா படுத்திருந்தாலும் செலவாகும் கிலோ கலோரி கிடைக்கும். 15 கிலோ நாய்க்கு 15×15×15 = 3,375; இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் 7.6, 70-ஆல் பெருக்கினால் சுமார் 533. கருத்தடை செய்யப்பட்டு, வீட்டோடு இருக்கும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் நாளுக்கு ஏறத்தாழ 850 கிலோ கலோரி என்று வரும். இது தொடக்க அளவுதான். எடை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கத்தின் அளவுகோல், வளர்ந்த நாய்க்கு 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. நம் 15 கிலோ நாய்க்கு அது நாளுக்கு 38 கிராம். அதே 850 கிலோ கலோரியையும் தயிர்சாதமாகவே போட்டால் கிடைக்கும் புரதம் 25 கிராமை ஒட்டியே நிற்கும். வயிறு நிறைந்தும் நாய் இளைப்பதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் இப்போது ஒரு நாளைக்குச் சமைக்கும் அளவு இது. எல்லாம் வேகவைப்பதற்கு முந்தைய எடை: சோயா உருண்டை, அதாவது மீல்மேக்கர், 60 கிராம், பச்சரிசி 70 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், மஞ்சள் பூசணி 100 கிராம், கேரட் 50 கிராம், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பொடித்த ஆளி விதை ஒரு தேக்கரண்டி. இதில் புரதம் 45 கிராமுக்கு மேல் வரும். அதில் பெரும்பங்கு மீல்மேக்கர் கொடுப்பது. கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை. அரிசிக்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் கம்போ கேழ்வரகோ போடலாம்.

பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். ஊறவைப்பது பருப்பிலுள்ள ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கும். அந்த அமிலம்தான் துத்தநாகத்தையும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. மீல்மேக்கரைக் கொதிநீரில் போட்டுப் பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டுக் கலக்க வேண்டும். நாய் மெல்லாமல் விழுங்கும் பிராணி. முழு உருண்டையாகப் போட்டால் அது அப்படியே வெளியே வரும். எண்ணெயை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் போதும். வயிறு ஏற்றுக்கொள்ளும் நாய்க்கு இரண்டு கரண்டித் தயிர் கலக்கலாம். வளர்ந்த நாய்க்குப் பாலைவிடத் தயிர் எளிதாகச் செரிக்கும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எலும்பு தின்னாத நாய்க்குப் பருப்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் பாஸ்பரஸ் போதுமான அளவு கிடைத்துவிடும், கால்சியம் கிடைக்காது. கால்சியம் எப்போதும் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிட இரண்டு மடங்குக்குள்ளாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்; நாளடைவில் தாடை எலும்பு மென்மையாகிப் பல் ஆடும். மேற்சொன்ன அளவுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் சேர்த்தால் அதில் 800 மில்லிகிராம் கால்சியம் கிடைத்து, கணக்கு நேராகும். மருந்துத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது எத்தனை கரண்டி என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

வைட்டமின் டி குறித்து ஓர் எச்சரிக்கை. வெயில் பட்டாலும் நாயின் தோல் அதைப் போதிய அளவு உருவாக்காது என்பதால் உணவில் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மனிதர்களுக்கு வாரம் ஒருமுறை எழுதிக்கொடுக்கும் 60,000 அலகு மாத்திரையை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைய தேவை 110 அலகை ஒட்டியதுதான். அந்த ஒரு மாத்திரையே நச்சாகி, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவு கொண்டது.

வைட்டமின் பி12 தாவரத்தில் இல்லை. அயோடின், துத்தநாகம், செம்பு, கோலின் ஆகியவையும் நம் பானையில் குறைவாகவே இருக்கும். அயோடின் உப்பு போடுகிறோமே என்று நினைப்பவர்கள், அரைக் கிராம் உப்பில் உள்ள அயோடின் நாயின் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே வீட்டுச் சமையலை முழுமையாக்குவதற்கென்றே நாய்களுக்காகத் தயாரிக்கப்படும் வைட்டமின், தாதுக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதில் ஏற்கெனவே கால்சியம் இருந்தால் மேலே சொன்ன தூளைக் குறைக்க வேண்டும். ஆற வைத்த சோற்றில்தான் இதைக் கலக்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வைட்டமின்கள் வீணாகும்.

பருப்பைப் பற்றி ஒரு கேள்வி எழும். தானியமே இல்லாமல் பட்டாணியையும் பருப்பையும் முதன்மையாகக் கொண்ட நாய் உணவுகளுக்கும், இதயம் விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையைத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் தானியத்தை முற்றிலும் விட்டுவிட்டுப் பருப்பாகவே நிரப்புவதைத் தவிர்ப்பதும், டாரின் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பதும் விவேகம். கடையில் விற்கும் டாரின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. சைவத்துக்கு அதனால் இடையூறில்லை.

நம் வீட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு போடுவதுதான் இதில் மிக ஆபத்தான பழக்கம். சாம்பாரில் சின்ன வெங்காயமும் ரசத்தில் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று நச்சியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்த புளியையும் அதனால் ஒதுக்குவது நல்லது. கோயிலிலிருந்து வரும் புளியோதரையும், உலர்திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலும் வீட்டாருக்கு மட்டும்தான். சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்பு கலந்த சர்க்கரையில்லா மிட்டாயும் கூடவே கூடாது.

சமைக்க நேரமில்லாதவர்கள் பொட்டல உணவு வாங்கலாம். முகப்பில் காய்கறிப் படம் இருப்பதை நம்பாமல், பின்பக்கப் பட்டியலில் கோழித் தூளோ இறைச்சித் தூளோ இருக்கிறதா என்றும், வளர்ந்த நாய்க்கு அது முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாற்றத்தைப் பத்து முதல் பதினான்கு நாளில் செய்ய வேண்டும். முதல் மூன்று நாள் பழைய உணவில் கால் பங்கு புதியது, பின்பு பாதி, பின்பு முக்கால் என்று போனால் வயிற்றுப்போக்கு வராது. வாயு பிரிவதும் மலத்தின் அளவு கூடுவதும் முதல் சில வாரங்களில் இயல்பு. சித்திரை வெயிலில் மதுரையில் வெந்த பருப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலை உணவை ஏழு மணிக்குள்ளும் இரவு உணவைப் பொழுது சாய்ந்த பிறகும் வைத்து, தின்னாமல் விட்டதை எடுத்துவிட வேண்டும்.

கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லி இன நாய்களுக்கு விலா எலும்பு தெரிவது இயற்கையே என்பதால், கண்ணால் பார்த்து இளைத்ததா என்று முடிவு செய்ய இயலாது. பதினைந்து நாளுக்கொருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, நம் எடையைக் கழித்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்க வேண்டும். தாவர உணவு சிறுநீரைக் காரத்தன்மை ஆக்குவதால், கல் உண்டாகும் போக்குள்ள பெண் நாய்களுக்கு இது மிக அவசியம். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் பொருக்குத் தட்டினால் துத்தநாகக் குறைவா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறிது தூரம் நடந்ததும் நாய் மூச்சிரைத்து உட்கார்ந்தாலோ இருமினாலோ இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே மாதத்தில் 15 கிலோ நாய் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்து, அளவைக் கூட்டியும் எடை திரும்பாவிட்டால், வீட்டார் சம்மதித்தால் நாளொன்றுக்கு ஒரு வேகவைத்த முட்டை சேர்க்க வேண்டும்; சம்மதிக்காவிட்டால், எடை குறையாமல் இருந்த பழைய உணவுக்கே அந்த நாயைத் திருப்பிவிட வேண்டும்.