இத்தாலியில் படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு சீனியரின் புலம்பல்

செப்டம்பர் பிறந்தால் என் செல்பேசிக்கு ஓய்வு கிடையாது. இத்தாலியின் டுரின் நகருக்குப் புதிதாகப் படிக்க வரும் தம்பி தங்கைகள் ஒவ்வொருவராக எழுதத் தொடங்குவார்கள். போன வாரம் ஒரு தம்பி, வந்து இறங்கிய ஆறாம் நாள், இரண்டு பக்கத் தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். "அண்ணா, ரூம் கிடைச்சிருச்சு. அக்ரிமென்ட் போட்டாச்சு. ரெண்டு மாச அட்வான்ஸ் கையில குடுத்துட்டேன்."

கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, வாடகை இருந்தது. இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. 2022இல் நான் கையெழுத்துப் போட்ட அதே தாள்தான், முகவரி மட்டும் வேறு. படத்தைப் பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் கப்புச்சீனோ கேட்காதே, ஸ்பகெத்தியை உடைத்துப் போடாதே, வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்கே தங்கும் அனுமதிக்கு, விண்ணப்பித்துவிடு. இதையெல்லாம் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லாமல் விட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

பதிவாகாத வாடகை ஒப்பந்தம்

என் வீட்டுக்காரர் அருமையான மனிதர். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அவுரோரா பகுதியில் பழைய கட்டடம், நான்காவது மாடி, மாதம் 350 யூரோவுக்கு ஒரு தனி அறை. கிறிஸ்துமஸுக்குப் பனெத்தோனே கேக் கொண்டுவந்து கொடுத்தார். குளிருக்கு ஒரு பழைய கம்பளி கொடுத்தார். இரண்டு மாத முன்பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டபோதெல்லாம் "த்ராங்க்வில்லோ, த்ராங்க்வில்லோ" என்று தோளில் தட்டினார். கவலைப்படாதே என்று பொருள். இந்த நாட்டில் யாராவது அந்தச் சொல்லை இரண்டு முறை சேர்த்துச் சொன்னால் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிடுங்கள்.

இங்கே வாடகை ஒப்பந்தம் என்பது இருவர் கையெழுத்துப் போட்டதும் முடிந்துபோகிற விஷயம் அல்ல. கையெழுத்தான 30 நாளுக்குள் அதை வரி அலுவலகத்தில், அதாவது ஆஜென்த்ஸியா தெல்லே என்த்ராத்தேயில், பதிய வேண்டும். பதிந்தால் தேதியும் எண்ணும் போட்ட ரசீது கிடைக்கும். பதியாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நம் ஊரில் பதினோரு மாத அக்ரிமென்டை முத்திரைத்தாளில் அடித்துப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்து பழகியவர்கள் நாம். அதனால் இது நமக்கு உறைப்பதே இல்லை.

எனக்கு உறைத்தது உதவித்தொகைப் படிவத்தில். மண்டல அரசு தரும் உதவித்தொகையை நம்பித்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் வருகிறோம். அதில் மாணவர்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உள்ளூர்க்காரர், பக்கத்து ஊரில் இருந்து தினமும் வந்துபோகும் பென்தோலாரே, வெளியூரில் இருந்து வந்து வாடகைக்குத் தங்கும் ஃபுவோரி சேதே. மூன்றாவது வகைக்குத்தான் அதிகத் தொகை. ஆனால் குறைந்தது பத்து மாதம் காசு கொடுத்துத் தங்குகிறாய் என்று காட்ட வேண்டும். எதைக் காட்டி? பதிவு எண்ணைக் காட்டி.

அந்தக் கட்டத்தில் நிரப்ப என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு எழுதினேன். நாளை என்றார். அடுத்த வாரம் என்றார். கடைசி நாளுக்கு முந்தைய மாலை நேரில் வந்து உட்கார்ந்து, பதியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பதிய வேண்டுமென்றால் வாடகையை 80 யூரோ கூட்ட வேண்டியிருக்கும் என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அன்றைக்கும் கையில் ஏதோ இனிப்பு கொண்டுவந்திருந்தார்.

நான் ஏற்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, சும்மா இருந்துவிட்டேன். முடிவு வந்தது. ஆவணமில்லாததால் என்னைப் பென்தோலாரே என்று வகைப்படுத்தியிருந்தார்கள். கும்பகோணத்தில் இருந்து தினமும் காலையில் ரயிலேறி டுரினில் வகுப்புக்கு வந்துவிட்டு, மாலையில் வீடு திரும்புகிறவன். வீட்டில் இருந்த நண்பர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு கணக்குப் போட்டேன். அந்த ஆண்டுக்கு தேசிய அளவில் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை ஃபுவோரி சேதேக்கு 6,157 யூரோ, பென்தோலாரேக்கு 3,598 யூரோ. வித்தியாசம் 2,559. கூட்டிக் கேட்ட 80 யூரோவைப் பத்து மாதம் கொடுத்திருந்தாலும் 800தான். இந்தக் கழித்தலை அன்று இரவே போட்டிருக்கலாம், போடவில்லை.

என்னை இன்றும் கடுப்பேற்றுவது அதற்குப் பிறகு தெரிந்துகொண்டது. வீட்டுக்காரர் செதோலாரே செக்கா என்ற நிலையான வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் பதிவுக் கட்டணமும் கிடையாது, முத்திரைக் கட்டணமும் கிடையாது. பதிவதற்குச் செலவே இல்லை! வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்த சிக்கல். இன்னொன்று, பதிவு செய்ய வீட்டுக்காரர் தேவையே இல்லை. குடியிருப்பவரும் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பதியலாம். நாள் கடந்துவிட்டாலும், தாமதத்துக்கான அபராதத்தைக் கட்டிப் பதிய வழி உண்டு. நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் ஒரு காலைப்பொழுது வரி அலுவலகத்துக்குப் போயிருந்தால் போதும். பாதிக் கோபம் அவர் மேல், மீதிப் பாதி என் மேல்தான்.

முன்பணம்? சுவருக்கு வண்ணம் பூச என்று ஒரு மாதத் தொகையைப் பிடித்துக்கொண்டார். ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்னிடம் சாட்சி ஏது.

ஆகவே தம்பி தங்கைகளே, கையெழுத்துக்கு முன் தாளில் இவற்றைத் தேடுங்கள். இருவருடைய வரி எண்ணும் இருக்க வேண்டும். காலம் பத்து மாதத்துக்குக் குறையக் கூடாது. வாடகை தனி, இதரச் செலவு தனி என்று எழுதியிருக்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அது சட்டம். பணத்தை வங்கி வழியே அனுப்பி, எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் பெயர் இருக்க வேண்டும். நம் பையன்கள் ஐந்து பேர் ஒரு வீடு எடுத்து, ஒருவன் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, மற்ற நான்கு பேரும் அந்தத் தாளையே உதவித்தொகைக்கு இணைக்கிறார்கள். நான்கு பேரும் பென்தோலாரே. கும்பகோணம் பாசஞ்சரில் கூட்டம் கூடுகிறது.

போன வாரத் தம்பியின் வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. முப்பதாவது நாள் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. அதற்குள் பதில் வரவில்லையென்றால் நானே அவனோடு வரி அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

பெயரில் எது பெயர்?

தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல் இது. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. சிலருக்கு அதில் அப்பா பெயர். சிலருக்கு இனிஷியல் விரிந்து நடுவில் நிற்கும். இத்தாலியில் வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. குடும்பப் பெயரில் இருந்து மூன்று எழுத்து, சொந்தப் பெயரில் இருந்து மூன்று எழுத்து, பிறகு பிறந்த தேதி, பிறந்த நாட்டின் குறியீடு என்று அதைக் கோர்க்கிறார்கள். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் என்று கொடுத்தால் எண்ணே மாறிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் ஒரு எண்ணோடும் வங்கியில் வேறொரு எண்ணோடும் ஐந்து மாதம் இரண்டு ஆட்களாக வாழ்ந்தாள். உதவித்தொகை முதல் ஆளுக்கு அனுமதியானது, வங்கிக் கணக்கோ இரண்டாம் ஆளுடையது. பணம் வந்து சேரப் பட்ட பாடு தனிக் கதை. முதலில் கிடைத்த எண்ணில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் ஒரு எழுத்து பிசகாமல் எழுதுங்கள். இணையத்தில் எண்ணைக் கணித்துத் தரும் தளங்களை நம்பி எதையும் நிரப்பாதீர்கள். எண் தருவது வரி அலுவலகம் மட்டும்தான், அதுவும் இலவசமாக.

24ஐ வேண்டாம் என்பது

மதிப்பெண் இங்கே முப்பதுக்கு. 18 எடுத்தால் தேர்ச்சி. பிடிக்காத மதிப்பெண்ணை மறுத்துவிட்டு அடுத்த முறை மீண்டும் எழுதலாம் என்பது இந்த ஊர் வழக்கம். ஊரில் எண்பது சதவீதம் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு 24 என்றால் அவமானம். உடனே மறுப்பார்கள். அடுத்த முறை 21 வரும்.

மறுப்பதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். உதவித்தொகை வாங்கும் முதலாண்டு மாணவர் ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மூன்று பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிக்காவிட்டால் இரண்டாம் தவணை வராது. நவம்பர் 30 வரையும் முடிக்காவிட்டால் முதல் தவணையையும் திருப்பிக் கேட்பார்கள். 24 நல்ல மதிப்பெண்தான், வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு முன்பதிவு சில நாள் முன்னதாகவே மூடிவிடும். பெயர் பட்டியலில் இல்லையென்றால், படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று பேராசிரியரிடம் சொல்லிப் பயனில்லை.

நவம்பரில் மருத்துவக் காப்பீடு கட்டுவது

அரசு மருத்துவச் சேவையில் மாணவர் தாமாகச் சேரும் கட்டணம் 2023 வரை 149.77 யூரோ. 2024இல் இருந்து 700. அது கட்டிய நாளில் இருந்து ஓராண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். நவம்பரில் கட்டினால் இரண்டு மாதத்துக்கு 700 யூரோ. வரும்போதே தனியார் காப்பீடு எடுத்து வந்திருந்தால் ஜனவரி வரை அதிலேயே ஓட்டுங்கள்.

ரசீதை வைத்துக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் பறப்பது

பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, கார்டு வராமல், தபால் நிலைய ரசீதோடு ஊருக்குப் போகிறீர்கள். அந்த ரசீதை மதிப்பது இத்தாலி மட்டும். திரும்பும்போது ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற வேறு ஷெங்கன் நாடு வழியாக நுழைய முடியாது. என் அறைத்தோழனைச் சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தங்கை கல்யாணச் செலவு போக மிச்சமிருந்த பணத்தில் துபாய் வழியாக மிலானுக்கு அன்று இரவே புது டிக்கெட் வாங்கினான். வளைகுடா வழி டிக்கெட் கொஞ்சம் விலை கூடத்தான், பரவாயில்லை.

மூன்று கிலோவாட்

இத்தாலிய வீடுகளுக்குப் பெரும்பாலும் 3 கிலோவாட் மின் இணைப்புதான். இன்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார், பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம், அறைக்குள் திருட்டுத்தனமாக ஒரு ஹீட்டர். மூன்றும் ஓடினால் பட்டென்று வீடே இருண்டுவிடும். மீட்டர் பல இடங்களில் வீட்டுக்குள் இருக்காது, கீழே நிலவறையில் இருக்கும். சாவி வீட்டுக்காரரிடம். அவர் மலைக்குப் போயிருப்பார்.

பொங்கல் அன்று இது எங்களுக்கு நடந்தது. பதினான்கு பேரை விருந்துக்கு அழைத்திருந்தோம். அரிசி பாதி வெந்து நிற்க, செல்பேசி வெளிச்சத்தில் தயிரும் சிப்ஸும் தின்றோம். வீடு பார்க்கப் போகும்போது மீட்டர் எங்கே, சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள். கூடவே, வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடங்குமா என்றும் கேளுங்கள். டுரினில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அது ஓடும்.

ஆங்கில வழிப் படிப்புக்கு இத்தாலிய மொழி எதற்கு?

வீட்டுக்காரரிடம் சண்டை போட.

பத்து கிலோ அரிசி

வேண்டாம். பொர்த்தா பலாத்ஸோ சந்தையைச் சுற்றிய கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். குக்கருக்கு மாற்று கேஸ்கெட் இரண்டு கொண்டுவாருங்கள், அதுதான் கிடைக்காது.

ஆகஸ்ட்

ஊரே விடுமுறையில் போய்விடும், ஆளே இருக்க மாட்டார்கள். எந்தக் கையெழுத்து வேண்டுமானாலும் ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள்.