சிரமதான அறிவித்தலுக்கு ஓசை அமைப்பது எப்படி?

மாரி மழைக்குப் பின் மட்டக்களப்பில் டெங்கு தலைதூக்கும் காலத்தில், ஊரார் ஒன்றுகூடிச் சுத்தம் செய்யும் சிரமதானத்துக்கு அழைக்கும் ஓட்டோக்கள் ஒலிபெருக்கியுடன் ஒழுங்கைகளில் வலம்வருகின்றன. அத்தகைய அறிவித்தலைத் தயாரிக்கும் விளையாட்டுக் கழகத்தினரும் வாசிகசாலை இளைஞரும் சொற்களை எழுதுவதற்கு முன்னரே ஓசையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் சொற்களைப் பிரித்தறியும் முன்னரே, வருவது நல்ல செய்தியா துக்கச் செய்தியா என்பதை ஓசையைக் கொண்டு முடிவுசெய்துவிடுகின்றார்.

இதை நமது கூத்துக்களரி நெடுங்காலமாக அறிந்துவைத்திருக்கின்றது. கூத்தர் வாய்திறப்பதற்கு முன், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் எழுப்பும் வரவுத் தாளக்கட்டே வருபவரின் இயல்பை அவைக்கு உணர்த்திவிடுகின்றது. கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடும்போது, ஒருவரின் கூற்று பலரின் கூற்றாகிவிடுகின்றது. பறையோ கோயில் சடங்கிலும் ஒலிக்கும், சாவீட்டிலும் ஒலிக்கும். எதற்காக ஒலிக்கின்றது என்பதை அடிக்கும் முறையைக் கொண்டே ஊரார் அறிந்துகொள்வர். பேத்தோவன் 1810 இல் பியானோவுக்கென இயற்றிய 'ஃபூர் எலீஸ்' நம் தெருக்களில் பாணும் பணிசும் வருவதைக் குறிக்கின்றது. அந்தச் சுரங்களில் பாணை நினைவூட்டுவது எதுவுமில்லை. பாண் வண்டியுடன் நாள்தோறும் சேர்ந்து ஒலித்ததனாலேயே அந்தப் பொருள் அதன்மேல் ஏறியது.

ஆகவே, முதலில் அறிவித்தல் செல்லவிருக்கும் ஊரில் ஒரு காலைப்பொழுது நின்று, அங்கு ஏற்கெனவே பொருள் பெற்றிருக்கும் ஓசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மரண அறிவித்தலுக்குரிய சோக இசையைக் கவனத்தை ஈர்ப்பதற்காக எடுத்தாளக் கூடாது, "யார் மோசம்போனது?" என்று படலைக்கு ஓடிவருபவரின் காதில் குப்பையும் நுளம்பும் ஏறமாட்டா. அபாயச் சங்கொலியை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். 2004 டிசம்பர் 26 இல் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த கரையோரத்தில், ஒரு சிரமதானத்துக்காக அந்தப் பயத்தைக் கிளறுவதை என்னால் ஏற்க முடியாது. புகழ்பெற்ற திரைப்பாடலும் பொருந்தாது. கேட்பவரின் மனம் படத்துக்குப் போய்விடும்.

பலரைச் சேர்ந்து வேலைசெய்ய அழைப்பதற்கு, பலர் கூடி ஆடும் வசந்தன் ஆட்டத்தின் கோலடி போன்ற, நடைக்கு ஒத்த தாளம் பொருத்தமானது. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி என்ற வேகம், இயல்பாக நடப்பவரின் காலடியோடு இசையும். அதைவிட விரைந்தால் பரபரப்புத் தோன்றும். வேகம் மிகவும் குறைந்தால் தாலாட்டின் சாயல் வந்துவிடும்.

கருவியைத் தெரிவுசெய்யும்போது ஒலிபெருக்கியின் குணத்தையும் கருத வேண்டும். ஓட்டோவின் மேல் பூட்டும் குழல் ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசைகளை வெளிவிடாது. மத்தளத்தின் தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் அதில் அடங்கிப்போக, உயர்ந்து ஒலிக்கும் வலந்தலையும் சல்லரி என்னும் கைத்தாளமும் எஞ்சும். மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மிகக் கூர்மையாக உணர்கின்றது. சகரம், தகரம் போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் கூறுகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில் இருப்பதால், பேச்சின் அடியில் சல்லரி ஒலித்தால் நாளும் நேரமும் கலங்கிவிடும். எனவே தாளத்தை முன்னால் நான்கு நொடி ஒலிக்கவிட்டு, முற்றாக நிறுத்தி, ஒரு நொடி மௌனத்தின் பின் பேசத் தொடங்குங்கள். ஓசை திடீரென நின்ற இடத்திலேதான் செவி மிகவும் விழிப்படைகின்றது.

மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஓட்டோ, ஒரு வீட்டின் இருபுறமும் 50 மீற்றர் வரை தெளிவாகக் கேட்குமாயின், அந்த வீட்டாருக்குக் கிடைப்பது 36 நொடியே. ஆகவே தாளத்தையும் சேர்த்து முழு அறிவித்தலும் 18 நொடிக்குள் முடிந்து, மீண்டும் தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் கேட்கத் தொடங்கினாலும் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் காதில் விழும். இருபது, இருபத்தைந்து சொற்களுக்குமேல் அதில் இடமில்லை.

பேசுபவர் கத்தத் தேவையில்லை, உரப்பாக்குவது கருவியின் வேலை. கத்தும் குரல் உச்சத்துக்கு ஏறி, ஏசுவதுபோல ஒலிக்கும். ஊரில் அறிமுகமான ஒருவர் நிதானமாகப் பேசி, நாளைச் சொல்லும் வரியை மட்டும் சிறுவர் சிலர் பிற்பாட்டுப் போலத் திருப்பிச் சொன்னால், அது நன்றாக மனத்தில் தங்கும்.

ஒலிப்பதிவு முடிந்தபின், சொற்களை நீக்கித் தாளத்தை மட்டும் ஊரின் முதியவர் சிலருக்குக் கேட்கக் கொடுத்து, என்ன செய்தி வருவதாகத் தோன்றுகின்றது என்று விசாரியுங்கள். ஒருவரேனும் சாவு என்றால் தாளத்தை மாற்றுங்கள். அடுத்ததாக, அடுப்படியில் வேலையாக இருப்பவர் ஒருவருக்கு உள்ளே கேட்கும்படி தெருவிலிருந்து ஒலிக்கவிட்டு, நாளும் நேரமும் விளங்கினவா என்று பாருங்கள்.

ஒலிபெருக்கிக்குரிய அனுமதியைப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் போகும்போது பாங்கு ஒலிக்கும் நேரத்தில் நிறுத்திவையுங்கள். வைத்தியசாலையையும் சாவீட்டையும் கடக்கும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.