யூபிதீசியா அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இரவு விளக்குக்கு வரும் பூச்சிகளைக் கவனிக்க ஆரம்பித்தால், சாம்பலும் பழுப்புமாக ஒரு சின்ன அந்துப்பூச்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெயர் தெரியாததால் பலரும் அதைப் படம்கூட எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். குளிர்ப் பகுதிகளிலும் மிதவெப்பப் பகுதிகளிலும் அது யூபிதீசியா பேரினத்துப் பூச்சியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஜான் கர்டிஸ் 1825-இல் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் இன்று 1,400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இது மிகப் பெரிய பேரினங்களில் ஒன்று.

இவ்வளவு இருப்பதால், இறகின் கோலத்தைப் படத்தோடு ஒப்பிட்டு உடனே பெயர் வைப்பது இங்கே பலிக்காது. உட்காரும் விதம், புழு தின்னும் செடி, உடலுறுப்பு என்ற வரிசையில் போவதுதான் சரி.

படி 1: குடும்பத்தை உறுதி செய்யுங்கள்

யூபிதீசியா, ஜியோமெட்ரிடே குடும்பத்தில் லாரென்டினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குப் பெரும்பாலும் உடல் மெலிந்தும் இறகு அகன்றும் இருக்கும். வயிற்றின் அடிப்பகுதியில் கேட்கும் உறுப்பு உண்டு. புழுவைப் பார்த்தால் சந்தேகமே வராது. உடலின் நடுவில் போலிக்கால்கள் (புழுவின் சதைப்பற்றான, கணுவில்லாத கால்கள்) இல்லாமல், பின்பக்கம் மட்டும் இரண்டு இணை இருக்கும். அதனால் முதுகை வளைத்து வளைத்து நகரும். காவடிப் புழு என்று நாம் சொல்வது இந்த நடையை வைத்துத்தான். சில வேறு குடும்பத்துப் புழுக்களும் ஏறக்குறைய இப்படி நடக்கும் என்பதால் போலிக்கால்களை எண்ணிவிடுங்கள்.

படி 2: உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்

பூச்சியைத் தொடாமல், நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். முன்னிறகுகள் நீண்டு குறுகி, கிளைடர் விமானத்தைப் போல இருபுறமும் விரிந்திருக்கும். பின்னிறகுகள் சிறியவை, அவையும் விரிந்தே இருக்கும். நான்கும் சுவரோடு படிந்திருக்கும். இறகு விரிப்பின் அகலம் பொதுவாக 2 செ.மீ.யை ஒட்டி இருக்கும். பேரினம் வரை வர இந்த ஒரு படமே பெரும்பாலும் போதும்.

படி 3: நடுப்புள்ளியைத் தேடுங்கள்

முன்னிறகின் நடுவில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கரும்புள்ளி ஒன்று இருக்கிறதா? பல சிற்றினங்களில் அது தெளிவாகத் தெரியும், சிலவற்றில் மங்கலாக இருக்கும். யூபிதீசியா சென்டாரியேட்டா வெள்ளை இறகில் பெரிய கரும்புள்ளியோடு இருப்பதால் படத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்படிச் சுலபமானவை குறைவு. பச்சைச் சாயல் தெரிந்தால், நெருங்கிய உறவான பாசிஃபிலா பேரினத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செதில் உதிர்ந்த பழைய பூச்சியில் கோலத்தை நம்பவே வேண்டாம்.

படி 4: செடிக்குப் போங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இந்தப் பேரினத்தில் பல புழுக்கள் இலையை விட்டுவிட்டுப் பூவையும் விதையையும் தின்கின்றன. அதிலும் சில ஒரே வகைச் செடியோடு நின்றுவிடும். யூபிதீசியா புல்செல்லேட்டாவின் புழு ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் குழல் போன்ற பூவுக்குள் நுழைந்து, பூவின் வாயைப் பட்டு நூலால் தைத்து மூடிக்கொள்கிறது. உள்ளே இருந்தபடி மகரந்தத் தாள்களையும் இளம் விதைகளையும் தின்று வளர்கிறது. மற்ற பூக்கள் விரிந்திருக்க ஒன்று மட்டும் வாய் மூடியிருந்தால் அதை மெல்லப் பிரித்துப் பாருங்கள். யூபிதீசியா வெனோசேட்டா சைலீன் செடியின் விதையறைக்குள் இருக்கும். யூபிதீசியா அபியெடேரியா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கூம்புக்குள்.

புழுவை, அது இருந்த பூங்கொத்தோடு காற்றுப் போகும் டப்பாவில் வைத்து வளர்க்கலாம். வாடுவதற்குள் புதுப் பூ மாற்றுங்கள். அடியில் கொஞ்சம் மண்ணோ பாசியோ போட்டால் அதில் கூட்டுப்புழுவாகும். குளிர் நாடுகளில் பெரும்பாலான சிற்றினங்கள் குளிர்காலத்தைக் கூட்டுப்புழுவாகவே கழிக்கின்றன. எனவே டப்பா மாதக்கணக்கில் அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள்.

ஹவாய்த் தீவுகளில் கதையே வேறு. அங்குள்ள யூபிதீசியா புழுக்களில் பெரும்பாலானவை வேட்டையாடுபவை! ஸ்டீவன் மாண்ட்கோமரி என்ற பூச்சியியலாளர் இதை 1980களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். புழு இலை விளிம்பிலோ குச்சியிலோ பின்கால்களால் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒரு ஈ அதன் பின்பக்க உணர்மயிரைத் தொட்டதும், முன்னுடலைச் சட்டென்று பின்னால் வீசி, நீண்ட நகக்கால்களால் பிடித்து உயிரோடு தின்னும். பிடிப்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். புரதம் நிறைந்த மகரந்தத்தைத் தின்னும் பழக்கமும், எதிரியை விரட்ட உடலை வெட்டி வீசும் பழக்கமும் முன்னோரிடம் இருந்திருக்கும், அவற்றிலிருந்தே வேட்டை வளர்ந்திருக்கும் என்பது அவர் கருத்து.

படி 5: சிற்றினத்துக்கு உடலுறுப்பு

செடி தெரியாத பூச்சி என்றால் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இறந்து உலர்ந்த பூச்சியின் வயிற்றைப் பிரித்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊற விடுங்கள். அது தோலை அரிக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அப்புறம் தண்ணீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்து, நுண்ணோக்கியில் வையுங்கள். ஆணில் வயிற்றின் எட்டாவது கண்டத்து அடித்தகட்டின் (அடிப்பக்கத்துக் கெட்டியான தகட்டின்) வடிவமும், பெண்ணில் விந்துப்பையின் உட்சுவரில் முட்கள் அமைந்திருக்கும் விதமும் பல சிற்றினங்களைப் பிரித்துக் காட்டும்.

இதற்குப் பிறகும் இழுபறி உண்டு. ஹீத்தர் என்ற குறுஞ்செடியில் வளரும் யூபிதீசியா கூசென்சியேட்டா தனிச் சிற்றினமா, அப்சிந்தியேட்டாவின் ஒரு வடிவமா என்று நிபுணர்களே மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். ஆகவே உறுதி இல்லாதபோது குறிப்பேட்டில் 'யூபிதீசியா, சிற்றினம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். தேதி, இடம், பக்கத்தில் பூத்திருந்த செடி மூன்றையும் சேர்த்து எழுதி, பிரித்த வயிற்றைச் சிறு குப்பியில் கிளிசரினில் போட்டு, அதே எண்ணைப் பூச்சியின் சீட்டிலும் குப்பியிலும் குறித்து வையுங்கள்.