லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்பிளெண்டர்: என்ஜினைப் பிரிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்பிளெண்டர் நம் ஊரில் அதிசயமே இல்லை. பால் கேனும் மூட்டையும் சுமந்துகொண்டு இன்னும் ஓடுகிற வண்டிகள் தெருவுக்கு ஒன்று இருக்கும். அதே வண்டி இன்னொருவர் கையில் பாதி ஓட்டத்திலேயே போர் அடித்து (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி), பிஸ்டன் மாற்றி, அப்புறமும் புகை தள்ளிக்கொண்டு நிற்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் ஆயிலிலும், டேப்பட்டிலும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும்தான். இரண்டையும் வீட்டு வாசலில் வைத்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த பழைய நூறு சிசி வண்டிக்கு.

ஆயில் அளவு: வாரம் ஒரு முறை

இந்த 97.2 சிசி என்ஜினுக்குள் இருப்பது சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். அந்த ஆயிலேதான் பிஸ்டனுக்கும், மேலே வால்வுகளை இயக்குகிற கேமுக்கும், கியருக்கும், கிளட்சுக்கும் எல்லாவற்றுக்கும், போதாததற்கு ரேடியேட்டர் இல்லாத என்ஜின் என்பதால் சூட்டை வெளியே கொண்டுவருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பழைய வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடிக்கும். 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், எச்சரிக்க விளக்கும் கிடையாது. ஆயில் மாற்றும் தேதியை ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட நடுவில் அளவைப் பார்ப்பதில்லை, என்ஜின் போவது அந்த இடைவெளியில்தான்.

சமதரையில் டபுள் ஸ்டாண்ட் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அளவுக் குச்சியைக் கழற்றி, நூல் பிரியாத துணியில் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். திருகி எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது, மிச்ச ஆயில், என்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும்.

ஆயில் மாற்றுவது

என்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது செய்யுங்கள், அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். கீழே ஒரு தட்டு வைத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். இறங்கிய ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம். மினுமினு என்று செதில் செதிலாக உலோகம் தெரிந்தாலோ, பால் கலந்தது போல் வெளுத்திருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள், நீளமான ஸ்பானரை வைத்து முழுப் பலத்தையும் காட்டாதீர்கள். கிராங்க் கேஸ் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. பிறகு முதலில் 800 மில்லி ஊற்றி, குச்சியைப் பார்த்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். டப்பாவில் உங்கள் வண்டிக்கான கையேட்டில் சொன்ன கிரேடும் ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கான ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற குறியீடும் இருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில்தான் நனைந்து ஓடுகின்றன, வழுக்க ஆரம்பித்துவிடும். பழைய வண்டிக்கு 2,500 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என் கணக்கு. ஸ்பீடோ கேபிள் அறுந்து மீட்டர் நின்றுபோயிருந்தால் காலண்டரில் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

டீசல் ஊற்றி என்ஜினைக் கழுவும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அப்படிக் கழுவ விடாதீர்கள். உள்ளே தேங்குகிற டீசல் புது ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். அதற்குப் பதில் ஒன்று கேளுங்கள்: இந்த வண்டியில் மாற்றிப் போடுகிற ஆயில் ஃபில்டர் கிடையாது, வலது பக்கக் கிளட்ச் மூடிக்குள் சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்குகிற கிண்ணம் போன்ற ஒரு பாகமும், கம்பி வலை ஒன்றும் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து அதைத் திறக்காத வண்டிகள் ஏராளம். ஒரு முறை மூடியைத் திறந்து சுத்தம் செய்து புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள். உள்ளே கெட்டியான கறுப்புச் சேறு அப்பியிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

டேப்பட்

'டிக் டிக்' என்று சத்தம் வந்தால்தான் டேப்பட் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். சத்தம் போடுகிற டேப்பட்டைவிடச் சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்தான் ஆபத்து. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை இறக்கிவைப்பது முக்கியமாக அது மூடி, சீட்டில் உட்காருகிற அந்த நொடியில்தான். இடைவெளி இல்லாவிட்டால் முழுதாக மூடாது, ஓரம் கருகும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்) போகும். காலையில் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரவெல்லாம் நின்று குளிர்ந்த என்ஜினில், காலையில் செய்ய வேண்டிய வேலை இது. பிளக்கைக் கழற்றுங்கள், திருப்ப எளிதாகும். இடது பக்க மூடியில் உள்ள இரண்டு திருகு மூடிகளையும், ஹெட்டின் மேலும் கீழும் உள்ள டேப்பட் மூடிகளையும் எடுங்கள். மேலே இருப்பது இன்லெட், கீழே சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட். நடு ஓட்டை வழியே சாக்கெட் விட்டு மேக்னெட் சக்கரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் சின்ன ஓட்டையில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' (T) குறி வந்து கோட்டுக்கு நேராக நிற்கும். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். அப்போதும் ஒன்று ஆடாமல் நின்றால் அந்த டேப்பட்தான் இறுகியிருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள், இந்த வகை என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், மெல்லிய தலைமுடி கனம். அந்தக் கனமுள்ள ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் கருவி) தகட்டை ராக்கர் திருகுக்கும் வால்வு முனைக்கும் நடுவே விட்டு இழுத்தால் லேசான பிடிப்போடு வர வேண்டும். மாட்டிக்கொண்டாலும் தவறு, தளர்வாக ஓடினாலும் தவறு. இடைவெளியைச் சரிசெய்யும் திருகை அசையாமல் பிடிக்கிற லாக் நட்டை இறுக்கும்போது அந்தத் திருகும் கூடவே நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகட்டை விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள்.

மற்றவை

கழற்றிய பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், ஈரமான கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. ஏர் ஃபில்டரைச் சிக்கனம் பார்க்காமல் மாற்றுங்கள், உள்ளே போகும் தூசிதான் சிலிண்டரின் உட்சுவரை அரம் மாதிரி தேய்ப்பது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் அப்பிய சேற்றையும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் நீலப் புகை வந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல், செலவு குறைவு. ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், பிஸ்டன் பக்கம் சந்தேகம். அப்போதும் உடனே போர் அடிக்கச் சம்மதிக்காமல், முதலில் கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள், பிரித்த பிறகு சிலிண்டரின் தேய்மானத்தையும் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.