பெயரை நம்பி வம்சம் வரையாதீர்கள்: லூச்சா லீப்ரே குடும்பப் போட்டிகளைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் தொழில்முறை மல்யுத்தமான லூச்சா லீப்ரேயில், தலைமுறை தலைமுறையாகக் கோதாவில் இறங்கும் குடும்பங்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. சால்வடோர் லுட்டெரோத் 1933 செப்டம்பரில் தொடங்கி, இன்று சி.எம்.எல்.எல். என்ற பெயரில் இயங்கிவரும் நிறுவனம், இரண்டாம் மூன்றாம் தலைமுறை வீரர்களுக்காக ‘கோப்பா ஜூனியர்’ என்ற தொடரை நடத்தியிருக்கிறது. தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும், சிற்றப்பனும் அண்ணன் மகனும் ஜோடி சேரும் போட்டிகளும் உண்டு. டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த நம்மில் பலர் இவற்றை முதன்முதலாகப் பார்க்கும்போது, அறிவிப்புப் பலகையில் உள்ள பெயர்களைக் கொண்டே யார் யாருக்கு என்ன உறவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

பெயருக்குப் பின்னால் ‘ஜூனியர்’ என்றிருந்தால் அவர் மகன் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. நமக்கு நன்கு அறிமுகமான ரே மிஸ்டீரியோவே இதற்குச் சான்று. அவர் திஹுவானாவில் களம் கண்ட காலத்தில் ரே மிஸ்டீரியோ ஜூனியர் என்றே அழைக்கப்பட்டார். ஆனால் 2024 டிசம்பரில் மறைந்த மூத்த ரே மிஸ்டீரியோ அவருக்குத் தந்தை அல்லர், மாமா உறவுடையவர். அவரே பயிற்சி கொடுத்து, அவரே பெயரையும் கொடுத்தார். மூத்தவரின் சொந்த மகன் ‘ரே மிஸ்டீரியோவின் மகன்’ என்ற பொருள்படும் வேறொரு பெயரில் களம் கண்டவர். ஆக, பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் உடன்பிறந்தவர்களாகவே தோன்றுவர்.

இங்கே குறைந்தபட்சம் குருதி உறவாவது இருக்கிறது. லா பார்க்காவின் கதையில் அதுவும் இல்லை. எலும்புக்கூடு உடையில் புகழ்பெற்ற முதல் லா பார்க்கா, அந்தப் பாத்திரத்தின் உரிமை ட்ரிப்பிள் ஏ என்ற மல்யுத்த நிறுவனத்திடம் இருந்ததால், நிறுவனத்தை விட்டு விலகிய பின்னர் எல்.ஏ. பார்க் என்று பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நிறுவனமோ வேறொருவருக்கு அதே உடையை அணிவித்து லா பார்க்கா ஜூனியர் என்று இறக்கியது; பின்னாளில் ‘ஜூனியர்’ என்ற ஒட்டும் நீக்கப்பட்டு, 2020 ஜனவரியில் இறக்கும் வரை அவர் லா பார்க்காவாகவே விளையாடினார். இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. பென்டகோன் ஜூனியரும் இப்படித்தான். அவருக்கு முன் அந்தப் பெயரில் விளையாடியவர்கள் எவரும் அவருடைய தந்தை அல்லர். அதே சமயம் அவரும் ரே ஃபெனிக்ஸும் உடன்பிறந்த சகோதரர்கள் என்பது, இருவரின் கோதாப் பெயர்களை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் தெரியவராது.

இவற்றுக்கு இடைப்பட்ட நிலையும் உண்டு. நீல முகமூடியால் புகழ்பெற்ற புளூ டீமன் 2000 டிசம்பரில் மறைந்தார். அவருடைய பெயரையும் முகமூடியையும் அணியும் புளூ டீமன் ஜூனியர், அவருடைய தத்து மகன் என்று அறியப்படுபவர். இதனால் மெக்சிகோ ரசிகர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை, 2008இல் என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க மல்யுத்த அமைப்பின் உலகப் பட்டத்தை வென்ற முதல் முகமூடி வீரர் என்ற பெருமையோடு அந்தப் பெயரை அவர் தாங்கி நின்றார். எனவே, ‘இவர் உண்மையான மகனா’ என்று துருவுவதைவிட ‘இந்தப் பெயரை இவருக்குக் கொடுத்தவர் யார்’ என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. பெரியவர் கொடுத்தாரா, குடும்பம் கொடுத்ததா, நிறுவனம் கொடுத்ததா, விலைக்கு வாங்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அந்த வீரருக்குக் கிடைக்கும் மரியாதையும் கேலியும் அமைகின்றன. கோப்பா ஜூனியர் போன்ற தொடர்களிலும், கதைக்காக மட்டும் சொல்லப்படும் உறவுகளைக் கொண்டவர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறு, பெயரில் அடையாளம் இல்லாத குடும்பங்களைக் கவனிக்காமலே விட்டுவிடுவது. மெக்சிகோவின் மிகப் பெரிய மல்யுத்தக் குடும்பங்களுள் ஒன்றான அல்வராதோ குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஷாதிதோ க்ரூஸ் என்ற வீரரின் மகன்களான பிராசோ தெ ஓரோ, பிராசோ தெ பிளாட்டா, எல் பிராசோ ஆகிய மூவரும் 1980களில் மூவர் அணியாகக் கோதாவைக் கலக்கினார்கள். இவர்களுள் பருத்த உடலும் நகைச்சுவையும் கொண்டு, பின்னாளில் சூப்பர் போர்க்கி என்ற பெயரில் நாடே விரும்பிய பிராசோ தெ பிளாட்டா 2021 ஜூலையில் மறைந்தார். அவருடைய மகன்களுள் ஒருவர் இளஞ்சிவப்பு உடையும் முத்தமிடும் உத்தியும் கொண்ட ‘எக்ஸோட்டிகோ’ பாத்திரமான மாக்சிமோ. இன்னொருவர் கோமாளி முகமூடி அணிந்த சைக்கோ கிளவுன். லா மாஸ்கராவோ சூப்பர் போர்க்கியின் அண்ணன் பிராசோ தெ ஓரோவின் பிள்ளை. இந்த மூன்று பெயர்களில் எதிலும் குடும்பத்தின் சாயல் துளியும் இல்லை. 2017 ஆகஸ்ட் 26 அன்று ட்ரிப்பிள் ஏ நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ட்ரிப்பிள்மேனியா மேடையில் சைக்கோ கிளவுன், பந்தயமாக வைக்கப்பட்ட டாக்டர் வாக்னர் ஜூனியரின் முகமூடியைப் பறித்தபோது, அது இரண்டு தனிமனிதர்களின் மோதலாக மட்டும் இருக்கவில்லை. வாக்னர் ஜூனியரும் டாக்டர் வாக்னரின் மகன், மறைந்த வீரர் சில்வர் கிங்கின் அண்ணன். பழைய ரசிகர்களுக்கு அன்றிரவு இரு வம்சங்கள் மோதின. புதியவர்களுக்கோ அவர் ஒரு கோமாளி, இவர் ஒரு வெள்ளை முகமூடி, அவ்வளவுதான்.

நீக்ரோ காசாஸ், எல் ஃபெலினோ, ஹெவி மெட்டல் என்ற மூவரும் அண்ணன் தம்பிகள் என்பதும், நடுவராகவும் பணியாற்றிய பெப்பே காசாஸ் அவர்களின் தந்தை என்பதும் இதே வகைதான். மாறாக, உல்ட்டிமோ குவெர்ரேரோ என்ற பெயரைப் பார்த்துவிட்டு அவரை டபிள்யூடபிள்யூஇயில் புகழ்பெற்ற எடி குவெர்ரேரோவின் உறவினர் என்று எழுதியவர்களும் உண்டு. எடி, கோரி குவெர்ரேரோவின் மகன். சாவோ, மாண்டோ, ஹெக்டர் ஆகியோருக்குத் தம்பி. அங்கே அது குடும்பப் பெயர். உல்ட்டிமோவுக்கோ அது கோதாவுக்காகச் சூட்டிக்கொண்ட பெயர்.

பெயர் ஒரு சொத்து என்பதை மறப்பது அடுத்த தவறு. எல் சான்ட்டோ என்ற ரொடோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா 1942இல் வெள்ளி முகமூடியை அணிந்தார். 1984 பிப்ரவரி 5 அன்று இறந்து, அந்த முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகன் ‘எல் இஹோ டெல் சான்ட்டோ’ 1982 முதல் களம் கண்டு, தந்தையின் பெயருக்கான வணிக உரிமையை உறுதியாகக் காத்துவந்தார். சான்ட்டோவின் பேரன்களுள் ஒருவர் தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு களமிறங்க முயன்றபோது, உறவு என்றும் பாராமல் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கடைசியில் அந்தப் பேரன் ஆக்சல் என்ற பெயரில்தான் விளையாட நேர்ந்தது. குருதி உறவு மறுக்க முடியாதது. ஆனால் பெயர் கிடைக்கவில்லை. இன்னொரு புறம், மிஸ்டிகோ என்ற முகமூடி முதல் வீரர் வெளியேறியதும் 2012இல் சி.எம்.எல்.எல். நிறுவனத்தால் வேறொருவருக்கு அளிக்கப்பட்டு, 2021இல் மீண்டும் அந்த முதல் வீரரிடமே திரும்பியது. இடையில் அதை அணிந்தவர் ரூஷ், டிராகன் லீ ஆகியோரின் சகோதரர். இவரே முன்பு டிராகன் லீ என்ற பெயரில் விளையாடியவர். மிஸ்டிகோ ஆனதும் அந்தப் பெயரைத் தம்பி எடுத்துக்கொண்டார். இத்தகைய வரலாற்றை அறியாமல் பழைய போட்டி முடிவுகளைப் புரட்டுவோர், ஒரே பெயருக்கு எதிரே இரண்டு ஆட்களின் சாதனைகளைச் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். ஆண்டைப் பார்த்து ஆளை உறுதிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தந்தை நல்லவர் அணியில் இருந்தால் மகனும் அங்கேதான் இருப்பார் என்று எதிர்பார்ப்பதும் தவறு. லூச்சா லீப்ரேயில் விதிகளை மதித்து ஆடுவோர் டெக்னிகோக்கள், மீறி முரட்டுத்தனம் செய்வோர் ரூடோக்கள். ஏழைபங்காளனாகத் திரைப்படங்களில் தோன்றிய எல் சான்ட்டோ, அந்தப் பெயரில் ஆடிய முதல் இருபது ஆண்டுகளில் ரூடோவாகவே இருந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். டெக்னிகோவாகவே வளர்ந்த அவருடைய மகன் 1996இல் திடீரென ரூடோவாக மாறியதால் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நீக்ரோ காசாஸுடனான அவருடைய பகை முற்றி, 1997 செப்டம்பர் 19 அன்று அவருடைய முகமூடியும் காசாஸின் தலைமுடியும் பந்தயமாக வைக்கப்பட்டு, காசாஸ் மொட்டையடிக்கப்படுவதில் முடிந்தது. குடும்பப் போட்டிகளில் ஒரே ஜோடியில் ஒருவர் ரூடோவாகவும் மற்றவர் டெக்னிகோவாகவும் இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. அந்த இழுபறியைக் காட்டத்தான் அப்படி ஜோடி சேர்க்கிறார்கள்.

மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் ஜோடியாக வந்தாலே அது குடும்பப் போட்டி என்று நினைப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1994 முதல் நடந்துவரும் ‘கிரான் ஆல்தெர்னாதிவா’ அனுபவசாலியையும் புதியவரையும் இணைக்கும் தொடர். உறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விதிகளைப் பொறுத்தவரை, டபிள்யூடபிள்யூஇ அளவுகோலைக் கொண்டுவருவதுதான் பெரும் குழப்பம். வழக்கமான மூவர் அணிப் போட்டி மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவருக்கு உரியது. எதிரணித் தலைவரை வீழ்த்தினால் சுற்று முடிந்துவிடும்; தலைவரை விட்டுவிட்டால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். தோழரின் கையைத் தொட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதில்லை. கயிற்றைத் தாண்டி ஒருவர் வெளியே விழுந்தால், அவருடைய தோழர் உடனே உள்ளே வரலாம். ஆட்டத்தின் வேகம் இதனால்தான் கூடுகிறது. எதிராளியின் முகமூடியைக் கழற்றினாலோ, தலைகீழாகத் தூக்கித் தலை தரையில் மோத இறக்கும் ‘மார்த்தினெத்தே’ பிடியைப் போட்டாலோ தகுதி இழப்பு. ‘ஏன் அவர் அந்தப் பிடியைப் போடவில்லை’ என்று விமர்சிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகமூடி வீரர்களின் இயற்பெயரைத் தேடிப்பிடித்துப் போடுவது நாகரிகமற்ற செயலாகவே மெக்சிகோவில் கருதப்படுகிறது. பந்தயத்தில் தோற்று முகமூடி கழன்ற பிறகு, தோற்றவரே தம் பெயரையும் ஊரையும் எத்தனை ஆண்டுகள் களத்தில் இருந்தார் என்பதையும் சொல்வது மரபு. 2000 மார்ச் 17 அன்று அரேனா மெக்சிகோவில் அட்லாண்டிஸிடம் தோற்ற மூன்றாம் வில்லானோ அப்படித்தான் சொன்னார். வில்லானோ என்ற பெயரையே வரிசை எண்ணோடு சூட்டிக்கொண்ட, மல்யுத்த வீரர் ரே மென்டோசாவின் ஐந்து மகன்களுள் அவர் ஒருவர். ஒருவர் தோற்றதும் குடும்பத்தின் முகமூடியே போய்விட்டது என்று எழுதுவது தவறு. ஐந்தாம் வில்லானோ தம் முகமூடியை 2009இல் உல்ட்டிமோ குவெர்ரேரோவிடம் இழந்தார். நான்காம் வில்லானோ 2022 அக்டோபரில்தான் பென்டகோன் ஜூனியரிடம் இழந்தார். அவரவர் முகமூடி அவரவருக்கே உரியது, தோல்வியும் அவ்வாறே.

அந்த ஐவரின் தந்தை ரே மென்டோசா, பிள்ளைகள் படித்து மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டும் என்று விரும்பியவர். மூத்த மகன்கள் அவருக்குத் தெரியாமல் முகமூடி போட்டுக்கொண்டுதான் விளையாடத் தொடங்கினார்கள். ஆகவே, வம்ச வீரர்கள் அனைவரும் தந்தை கைப்பிடித்து அழைத்து வந்ததால் வந்தவர்கள் என்று எழுதுவது பலருடைய விஷயத்தில் உண்மையன்று. மெக்சிகோ நகரில் தொழில்முறை வீரராக உரிமம் பெற, யாருடைய பிள்ளையானாலும் குத்துச்சண்டை–மல்யுத்த ஆணையத்தின் தேர்வில் தேற வேண்டும்.

பெண்களை மறந்துவிடுவது இன்னொரு குறை. மெக்சிகோ நகரில் பெண்கள் மல்யுத்தம் செய்யப் பல பத்தாண்டுகள் தடை இருந்து, 1986இல்தான் நீங்கியது. அதனாலேயே பெண்களின் வம்சங்கள் பெரிய அரங்குகளின் பதிவுகளில் மெலிந்து காணப்படுகின்றன. வெளியூர்களில் அவை தொடர்ந்துதான் வந்தன. ரோஸி, எஸ்தர், சிந்தியா என்ற மொரேனோ சகோதரிகளும், சூப்பர் போர்க்கியின் மகளான கோயா காங்கும் குடும்பப் பட்டியலில் ஆண்களுக்கு அடுத்த வரியில் வைக்கப்பட வேண்டியவர்கள் அல்லர்.

இறுதியாக, கோதாவுக்கு வெளியே இருக்கும் குடும்பங்களைப் பார்க்காமல் விடுவது. சி.எம்.எல்.எல். இன்றும் லுட்டெரோத் குடும்பத்தின் கையில் இருக்கிறது. 2019இல் இறக்கும் வரை அதை நடத்திய பாக்கோ அலோன்சோ, நிறுவனரின் பேரன். ட்ரிப்பிள் ஏ நிறுவனத்தை 1992இல் தொடங்கிய அன்டோனியோ பேஞ்ஞா 2006இல் மறைந்தபோது, அது அவருடைய சகோதரியின் குடும்பமான ரோல்தான்களிடம் சென்றது. 2025 ஏப்ரலில் அதை வாங்குவதாக டபிள்யூடபிள்யூஇ அறிவித்தது. எந்தப் பெயரை யார் அணியலாம் என்பதில் இந்தக் குடும்பங்களின் சொல்லும் அவர்களுடைய ஒப்பந்தங்களும் பெரும் பங்கு வகிப்பதால், குடும்பப் போட்டியின் அறிவிப்புப் பலகையைப் படிக்கும்போது அதை அச்சடித்த நிறுவனம் எது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.