இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

பிடிபட்ட சேதி பெரும்பாலும் கூடப் போன படகிலிருந்துதான் வரும். வந்த உடனே ஒரு தாளில் எழுதுங்கள்: படகின் பதிவு எண், டோக்கன் எண் (கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டின் எண்), பிடிபட்ட நேரம், இடம், எத்தனை பேர். ராமநாதபுரம் விசைப்படகு என்றால் எண் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்று தொடங்கும். அதற்குப் பின்னால் ஓர் இலக்கம் பிசகினாலும் மீட்கக் கொடுக்கும் மனு வேறொருவர் படகுக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய கோளாறு ஆட்களின் பெயரில்தான். ஊரில் கூப்பிடும் பெயரை எழுதாதீர்கள். ஒரே தெருவில் நாலு அந்தோணி இருப்பார்கள். ஆதாரில் உள்ள பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி வேண்டும். விடுதலையானவர் பாஸ்போர்ட் இல்லாமல், தூதரகம் தரும் அவசரச் சான்றிதழில்தான் விமானம் ஏறுவார். இந்தியர் என்று உறுதியாகாமல் அது கிடைக்காது. அதனால் ஆதார் நகலையும் போட்டோவையும் அன்றைக்கே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அங்கிருந்து சென்னை, டெல்லி வழியாகக் கொழும்புத் தூதரகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் துணைத் தூதரகத்துக்கும் விவரம் போகும்.

கடலுக்குப் போகும் முன்பே ஆட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவின்படி, பிடிபட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தூதரக அதிகாரி சிறையில் வந்து பார்க்கலாம், வக்கீலுக்கும் ஏற்பாடு செய்யலாம். "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

வழக்கு ஊர்காவற்துறை, மன்னார், பருத்தித்துறை போன்ற நீதிமன்றங்களில் தமிழிலேயே நடக்கும். ஆனால் சொற்கள் வேறு. 'விளக்கமறியல்' என்று கேட்டதும் சாலை மறியலை நினைத்துக் குழம்புகிறார்கள். அது ரிமாண்டு, பெரும்பாலும் 14 நாள். நீதவான் என்றால் மாஜிஸ்திரேட், சட்டத்தரணி வக்கீல், பிணை ஜாமீன், தண்டப்பணம் அபராதம்.

கச்சத்தீவு உரிமையைச் சொல்லி வாதாடும்படி வக்கீலை வற்புறுத்தாதீர்கள். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் தீவுக்குப் போய்வர இடம் தருகிறது. 1976 கடிதப் பரிமாற்றமோ ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. வழக்கு நிற்பது 1979இன் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தில். கடலடியை அரித்து இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் தன் மீனவர்களுக்கே தடை செய்துவிட்டதால், படகில் மடி இருந்தால் நிலைமை இன்னும் இறுகும். அந்த மடியில் வலை அறுபட்டுப் பிழைப்பை இழந்தவர்கள் இலங்கை வடக்கின் தமிழ் மீனவர்கள். அவர்கள் குறை உண்மையானது.

ஆட்கள் விடுதலையானால் படகும் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. படகுக்குத் தனி விசாரணை. சொல்லும் தேதியில் உரிமையாளர் பாஸ்போர்ட், விசாவோடு இலங்கை நீதிமன்றத்துக்கு நேரில் போய், அசல் பதிவுச் சான்றைக் காட்டவேண்டும். போகாவிட்டால் படகு இலங்கை அரசுடைமையாகும். தேதி தெரிந்த அன்றே பயண ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வந்தவரிடம் தீர்ப்பின் நகலை வாங்கி, கால அளவைப் பாருங்கள். 5 ஆண்டு என்று விதிப்பதுண்டு. அதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் உயிர்பெறும். அந்தக் காலம் முடியும்வரை கடல் எல்லையை நெருங்கும் படகில் அவரை ஏற்றாதீர்கள்.